நாநயமும் நாணயமும்

நம் இல்லங்களில் பணத்தை ஆள்பவர் யார் என்று கேட்டால், உழைத்துக் கொண்டு வருபவர் எவராயினும் எண்ணி வைப்பவர் அம்மாவே என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் விடை. சீட்டுக் கட்டுவதும், அரிசிக்கும் பாலுக்கும் பிரித்து வைப்பதும், பிள்ளையின் படிப்புக்கென ஒரு சிறு தொகையை எவர் கண்ணிலும் படாமல் ஒதுக்கி வைப்பதும் அவர் செய்யும் காரியங்கள். ஆயினும், அதே பணம் வீட்டுப் படியைத் தாண்டி வங்கி, வட்டி, பங்கு, ஏற்றுமதி என்று வேறு பெயர்களைப் பூண்டவுடன், அதைப் பற்றிப் பேசும் உரிமை ஆண்களுக்கே உண்டு என்றோர் எண்ணம் உலகெங்கும் நெடுங்காலம் நிலவி வந்தது. அந்த எண்ணத்தைத் தொலைக்காட்சியின் முன்னே நாள்தோறும் அமர்ந்து தகர்த்த பெண்மணிகள் சிலரைப் பற்றி இவ்வாரம் பேசக் கருதுகின்றோம்.

தொலைக்காட்சியில் வர்த்தகச் செய்திகளை நடத்தும் அறிவிப்பாளர்களே அவர்கள். 'வாசிக்கும்' என்று கூறாமல் 'நடத்தும்' என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. பொதுச் செய்தியை எழுதிக் கொடுத்தபடி வாசித்துவிட்டு எழுந்து செல்லலாம். வர்த்தகச் செய்தியை நடத்துபவரோ, பேசிக்கொண்டிருக்கும்போதே மாறும் எண்களைக் கவனிக்க வேண்டும். காதிற் பொருத்திய சிறு கருவியில் தயாரிப்பாளர் கூறுவதைக் கேட்க வேண்டும். எதிரே அமர்ந்திருக்கும் கம்பனித் தலைவர் மழுப்பினால் அதனை அக்கணமே உணர்ந்து மறுவினா தொடுக்கவும் வேண்டும். எழுதிக் கொடுத்த தாள் இங்கே பாதி வழி வரைதான் துணை வரும்.

இத்தொழில் முகப்பொலிவுக்கும் குரலினிமைக்கும் கிடைக்கும் பரிசு என்று கருதுவோர் பலர். பெண் பிள்ளைகள் இத்துறையை விரும்பும்போது பெற்றார் தயங்குவதும் அதனாலேயே. நம் பெரியோர் நாநயம், நாணயம் என்று இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லுவர். நாநயம் என்பது பேச்சின் இனிமை. நாணயம் என்பதோ காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். பணத்தைப் பற்றிப் பேசுவதையே தொழிலாகக் கொண்ட இப்பெண்களின் வாழ்க்கையை நோக்கும்போது, ஆசனத்தைப் பெற்றுக் கொடுப்பதில் நாநயத்துக்குப் பங்கு இருக்கலாம். அதைக் காத்துக் கொடுப்பது நாணயம் ஒன்றே என்பது நமக்குப் புலனாகின்றது.

பெயரை மறைத்து எழுதியவர்

தொலைக்காட்சி வருமுன்னரே பத்திரிகையில் இப்பாதையை வெட்டியவர் அமெரிக்காவின் சில்வியா போர்ட்டர். 1929 ஆம் ஆண்டு நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தபோது அவருடைய தாயாரின் சேமிப்பு அழிந்தது. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றுகொண்டிருந்த மகள், தம் குடும்பத்துக்கு நேர்ந்தது யாதென அறிய விரும்பிப் பொருளாதாரத்துக்கு மாறினார். 1935 இல் 'நியூயோர்க் போஸ்ட்' பத்திரிகையில் எழுதத் தொடங்கியபோது அவர் பெயர் 'எஸ். எஃப். போர்ட்டர்' என்றே அச்சிடப்பட்டது. பணத்தைப் பற்றி எழுதுபவர் பெண் என்று தெரிந்தால் வாசகர் நம்பமாட்டார் என்ற அச்சமே காரணம். 1942 இல்தான் அவருடைய முழுப் பெயர் வெளிவந்தது. அதற்குள் அவர் எழுத்தை நம்பிப் பழகிவிட்ட வாசகர்கள், எழுதியவர் பெண் என்று தெரிந்த பின்னரும் அவரைக் கைவிடவில்லை. 1960 இல் 'டைம்' சஞ்சிகை அவர் உருவத்தைத் தன் அட்டையில் வெளியிட்டது.

பங்குச் சந்தையின் உள்ளே நுழைவதோ இன்னும் கடினமாயிருந்தது. நியூயோர்க் பங்குச் சந்தையில் உறுப்பினராவதற்கு அந்நாளில் ஓர் 'ஆசனம்' விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. அதற்குமுன் உறுப்பினர் ஒருவர் சிபார்சு செய்யவும் வேண்டியிருந்தது. மியூரியல் ஸீபேர்ட் என்னும் பெண்மணி சிபார்சு கேட்டுச் சென்ற முதற் பத்துப் பேரில் ஒன்பதின்மர் மறுத்துவிட்டனர். இறுதியில் 1967 டிசெம்பர் 28 ஆம் திகதி அவர் ஆசனம் பெற்றார். ஆண்கள் 1,365 பேர். பெண் அவர் ஒருவர். அடுத்த பத்து ஆண்டுகள் நிலைமை அவ்வாறே இருந்தது. அச்சந்தைக் கட்டடத்தின் ஏழாம் மாடியிலிருந்த உணவுக் கழகத்தின் அருகே பெண்களுக்கென ஒரு கழிப்பறை அமைய 1987 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்றால், பெண்ணின் பணத்தை ஏற்றுக்கொண்ட அவ்விடம் பெண்ணை ஏற்றுக்கொள்ள எத்துணைக் காலம் எடுத்தது என்பது விளங்கும்.

சந்தைத் தளத்தில் ஒரு பெண்

1981 இல் அமெரிக்காவில் பொருளாதாரச் செய்திக்கென்றே ஒரு தொலைக்காட்சிச் சேவை தொடங்கியது. எஃப்.என்.என். என்னும் அந்நிலையத்தின் ஆரம்ப நாட்களிலேயே அதில் சேர்ந்தவர் சூ ஹெரேரா. பின்னர் 1989 ஏப்ரல் 17 ஆம் திகதி ஸி.என்.பி.ஸி. நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபோது அதன் தொடக்கக் குழுவிலும் அவர் இருந்தார். ஈராண்டுகளின் பின் புதிய நிலையம் பழையதையே விலைக்கு வாங்கிவிட்டது. நிலையங்கள் தோன்றின, மறைந்தன. ஹெரேரா நிலைத்து நின்றார். 1997 இல், வோல் ஸ்ட்ரீட் எனப்படும் நியூயோர்க் நிதி வீதியில் உயர்ந்த பெண்களைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். அன்றாட அறிவிப்பாளர் பணியிலிருந்து அவர் விலகியது 2021 இல். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள்! பெண் அறிவிப்பாளரின் தொழில் இளமையோடு முடிந்துவிடும் என்று கூறுவோருக்கு இது ஒரு விடை.

ஹெரேரா கூடத்தினுள் அமர்ந்து செய்தி நடத்தினார். மரியா பார்ட்டிரோமோவோ சந்தையின் தளத்துக்கே சென்றார். நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில் 1967 இல் பிறந்தவர் இவர். இத்தாலிய வழிவந்த குடும்பம். தந்தையார் உணவுச்சாலை நடத்தினார். நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் பத்திரிகைத்துறையும் பொருளாதாரமும் பயின்று, ஸி.என்.என். நிலையத்தின் வர்த்தகப் பிரிவில் ஐந்தாண்டுகள் திரைக்குப் பின்னால் வேலை செய்தார். 1993 இல் ஸி.என்.பி.ஸி.யில் சேர்ந்தார். 1995 இல் நியூயோர்க் பங்குச் சந்தையின் வியாபாரத் தளத்தில் நின்று நேரடியாக நாள்தோறும் செய்தி கூறிய முதல் ஊடகவியலாளர் என்ற பெயரைப் பெற்றார்.

அத்தளம் அந்நாளில் எத்தகையதென்று மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று கணினிகள் ஓசையின்றிச் செய்யும் கொடுக்கல் வாங்கல்களை அன்று நூற்றுக்கணக்கானோர் கூவியும் கைகாட்டியும் ஓடியும் செய்தனர். காலை 9.30 க்கு மணி அடித்ததும் மீன் சந்தை தோற்கும் இரைச்சல் எழும். அந்த நெரிசலின் நடுவே ஒலிவாங்கியுடன் நின்ற பெண்ணை வழிமறிக்கும் இடையூறாகவே தரகர் பலர் கருதினர். அவர் நகரவில்லை. தளத்தில் நின்றதனால் எந்தப் பங்கை எவர் விற்கின்றனர், ஏன் விற்கின்றனர் என்பது கூடத்தில் இருந்தவர்களுக்கு முன்னரே அவருக்குத் தெரிந்தது.

இவ்வளவு உழைத்தவருக்குப் பத்திரிகைகள் சூட்டிய பட்டப்பெயர் 'மணி ஹனி' என்பது. பணத்தையும் காதலியைக் கொஞ்சும் சொல்லையும் எதுகைக்காகக் கட்டிய பெயர் இது. பங்கு விலையைக் கூறிய ஆடவர் எவருக்கும் இத்தகைய பெயர் வாய்த்ததாக நாம் அறியோம். அவர் அதைக் கண்டு குமுறிக்கொண்டிருக்கவில்லை. 2007 இல் அப்பெயரையே தமக்குரிய வணிகக் குறியாக்க விண்ணப்பித்தார். அதைச் சாமர்த்தியம் எனப் போற்றுவோரும் உளர். ஆயினும், ஒரு பெண் தம் அறிவினாற் பெற்ற இடத்தை உலகம் அவர் முகத்தின் கணக்கில் எழுதிவைத்தது என்பதை மறைப்பதற்கில்லை.

ஒரு சொல்லின் விலை

வர்த்தகச் செய்தியில் ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்கு 2006 ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று தக்க சான்று. அவ்வாண்டு ஏப்ரல் மாத இறுதியில் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பென் பெர்னான்கி சட்டசபைக் குழு முன் பேசினார். வட்டி வீத உயர்வு சற்று நிறுத்தப்படும் என்று சந்தை அதற்குப் பொருள் கொண்டது. ஏப்ரல் 29 ஆம் திகதி வாஷிங்டனில் நடந்த ஒரு விருந்தில் பார்ட்டிரோமோவைச் சந்தித்த அவர், தம் பேச்சைச் சந்தை தவறாக விளங்கிக்கொண்டது என்று கூறினார். மே முதலாம் திகதி பிற்பகல் பார்ட்டிரோமோ அதனைத் தொலைக்காட்சியில் அறிவித்தார். அதுவரை ஏறிக்கொண்டிருந்த பங்கு விலைகள் இறங்கின. சில வாரங்களின் பின் செனற் சபைக் குழு முன் வந்த பெர்னான்கி, அவ்வாறு பேசியது தமது நிதானத் தவறு என்று ஒப்புக்கொண்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது சந்தை இறங்கியதை அன்று. விருந்தில் காதில் விழுந்த ஒரு வாக்கியத்தின் பெறுமதியை உடனே உணர்வதற்கு, வட்டி வீதம் என்றால் என்ன, முன்னாள் பேச்சு யாது, அதற்குச் சந்தை என்ன பொருள் கொண்டது என்ற மூன்றும் மனத்தில் இருந்திருக்க வேண்டும். அழகிய குரல் மாத்திரம் உடைய ஒருவர் அவ்விருந்தில் இருந்திருந்தால், அந்த வாக்கியம் உணவோடு உணவாகக் கரைந்து போயிருக்கும்.

இதே பெண்மணியின் பிற்கால வரலாறு வேறொரு பாடத்தைக் கூறுகின்றது. இருபது ஆண்டுகளின் பின் அவர் ஸி.என்.பி.ஸி.யை விட்டு 2014 இல் ஃபொக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். வர்த்தகத்துடன் அரசியல் நிகழ்ச்சியும் நடத்தினார். 2020 நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் முடிந்ததும், வாக்கு எண்ணும் இயந்திரங்கள் மோசடி செய்தன என்ற குற்றச்சாட்டு ஃபொக்ஸின் நிகழ்ச்சிகளில் இடம்பெற்றது. இயந்திரங்களைச் செய்த டொமினியன் கம்பனி மானநஷ்ட வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கில் சுட்டிக்காட்டப்பட்ட நிகழ்ச்சிகளில் பார்ட்டிரோமோ நடத்தியதும் ஒன்று. அக்கூற்றுகள் உண்மையல்ல என நீதிபதி 2023 மார்ச்சில் தீர்மானித்தார். ஏப்ரலில் 78 கோடியே 75 இலட்சம் டொலர் கொடுக்க உடன்பட்டு ஃபொக்ஸ் வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

பங்குச் சந்தையில் ஒரு கம்பனித் தலைவர் "எங்கள் இலாபம் இரட்டிப்பாகிவிட்டது" என்றால், "கணக்கைக் காட்டுங்கள்" என்று கேட்பதே வர்த்தகச் செய்தியாளரின் முதற் பாடம். அரசியலிலும் அதே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். பல்லாண்டு உழைத்துச் சேர்த்த நம்பிக்கை வங்கியிலிட்ட முதலைப் போன்றது. சேர்க்க நெடுங்காலம் வேண்டும். செலவழிக்கச் சில நாட்கள் போதும்.

ஆசனத்திலிருந்து எங்கே?

நாள்தோறும் பணத்தின் போக்கை விளக்கிப் பழகியவர்கள் அவ்வாசனத்திலிருந்து வேறு உயரங்களுக்கும் சென்றுள்ளனர். யப்பானில் 1988 ஏப்ரலில் டோக்கியோ தொலைக்காட்சி நிலையம் ஓர் இரவு நேர வர்த்தகச் செய்தி நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதன் முதல் அறிவிப்பாளர்களில் முதன்மையானவர் யுரிக்கோ கொய்க்கே. யப்பானின் நிலத்தின் விலையும் பங்குகளின் விலையும் வானளாவ உயர்ந்து பின் சரிந்த காலம் அது. அந்த ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் மக்களுக்கு எடுத்துரைக்கும் இடத்தில் அவர் இருந்தார். 1992 இல் தொலைக்காட்சியை விட்டுப் பாராளுமன்றம் புகுந்தார். 2007 இல் அந்நாட்டின் முதற் பெண் பாதுகாப்பு அமைச்சரானார். 2016 இல் டோக்கியோவின் முதற் பெண் ஆளுநராகத் தெரிவு செய்யப்பட்டு, 2020 இலும் 2024 இலும் மீண்டும் வென்றார். அவர் விட்டுச் சென்ற நிகழ்ச்சியும் பெண்களின் கையை விட்டு நீங்கவில்லை. மவோக்கோ கொத்தானி என்பவர் 1998 முதல் 2014 வரை அதனை நடத்தினார்.

இந்தியாவின் ஷெரீன் பான் சென்ற வழி வேறு. அவர் டில்லி ஸ்டீபன்ஸ் கல்லூரியில் பயின்றது தத்துவம். பின்னர் புனே பல்கலைக்கழகத்தில் தொடர்பாடல் கற்றார். வர்த்தகச் செய்தி நிலையமான ஸி.என்.பி.ஸி. டிவி 18 இல் 2000 ஆம் ஆண்டு சேர்ந்தார். புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்களைத் தேடிச் சென்று பேட்டி கண்ட அவரது நிகழ்ச்சி, அத்தகைய முயற்சிகளை அதிகம் பேர் அறியாத காலத்திலேயே தொடங்கியது. 2013 செப்டெம்பரில் அந்நிலையத்தின் நிர்வாக ஆசிரியர் பதவி அவரிடம் வந்தது. ஆசிரியர் எழுதியதைப் படிப்பவர் என்ற நிலையிலிருந்து, எது செய்தி, எது செய்தியன்று எனத் தீர்மானிப்பவர் என்ற நிலைக்கு உயர்ந்தமையே இங்கு முக்கியம். தத்துவம் படித்தவர் பணத்தைப் பற்றிப் பேசலாமா என வினவுவோர்க்கு, கேள்வி கேட்கக் கற்றுக் கொடுக்கும் எப்படிப்பும் வீணாகாது என்பது நம் பதில்.

பெக்கி குவிக் என்பவரின் வரலாறு பொறுமையின் வரலாறு. பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் பயின்றுகொண்டே மாணவர் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். 'வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல்' பத்திரிகையில் சில்லறை வியாபாரத் துறையைப் பற்றி எழுதினார். 2001 இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2005 முதல் காலை ஆறு மணி நிகழ்ச்சியை நடத்துவோரில் ஒருவரானார். காலை ஆறு மணி நிகழ்ச்சி என்றால், நம் கோவில்களில் திருப்பள்ளியெழுச்சி பாடும் வேளைக்கு முன்னரே எழுந்து, இரவு முழுதும் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவற்றைப் படித்து முடித்திருக்க வேண்டும். பெருஞ் செல்வரான வொரன் பஃபெட்டின் கம்பனி, ஆண்டுக் கூட்டத்தில் பங்காளர்களின் கேள்விகளைத் தொகுத்துக் கேட்கப் பத்திரிகையாளர் மூவரை 2009 இல் தெரிந்தெடுத்தபோது, அவர்களுள் ஒருவர் குவிக். தொண்ணூற்று நான்கு வயது பஃபெட் தாம் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகப்போவதாக 2025 மே மாதக் கூட்டத்தில் அறிவித்த நாளிலும் கேள்விகளை வாசித்தவர் அவரே.

பெற்றி லியூ என்பவரையும் குறிப்பிட வேண்டும். புளூம்பேர்க் தொலைக்காட்சியில் வர்த்தகச் செய்தி நடத்திய அவர், 2018 இல் நியூயோர்க் பங்குச் சந்தையின் நிர்வாகத் துணைத்தலைவர் பதவிக்குச் சென்றார். ஸீபேர்ட் அம்மையார் ஒன்பது கதவுகளில் மறுப்புக் கேட்ட இடம் அதுவேயன்றோ!

ஏழு நிமிடம்

உயர்வுகளை மாத்திரம் எழுதி, இத்தொழிலின் மறுபக்கத்தை மறைப்போமாயின் நம்மை நம்பும் பெற்றாருக்குத் தீங்கிழைத்தவராவோம்.

செங் லேய் சீனாவின் ஹூனான் மாகாணத்தில் 1975 இல் பிறந்து, பத்து வயதில் பெற்றாருடன் அவுஸ்திரேலியா சென்றவர். அங்கே வர்த்தகப் பட்டம் பெற்றுப் பெரிய கம்பனிகளில் கணக்காளராகப் பணி செய்தார். பாதுகாப்பான அவ்வுத்தியோகத்தை விட்டுச் சீனா திரும்பி, தொலைக்காட்சிச் செய்தித் துறையில் புகுந்தார். ஸி.என்.பி.ஸி.யின் சீன நிருபராகப் பல ஆண்டுகள் இருந்து, பின் சீன அரசின் ஆங்கிலத் தொலைக்காட்சியில் உலக வர்த்தகச் செய்தியை நடத்தும் அறிவிப்பாளரானார். 2020 ஓகஸ்ட் 13 ஆம் திகதி பெய்ஜிங்கில் அவர் தடுத்து வைக்கப்பட்டார். மூடிய கதவுகளுக்குள் விசாரணை நடந்தது. அரச இரகசியத்தை அந்நியருக்கு வழங்கினார் என்பது குற்றச்சாட்டு; இரண்டு ஆண்டுகளும் பதினொரு மாதங்களும் தண்டனை. 2023 ஒக்டோபரில்தான் விடுதலையாகி மெல்பேணிலிருந்த தம் இரு பிள்ளைகளிடம் சென்று சேர்ந்தார்.

அந்த இரகசியம் யாது? பிரதமர் பாராளுமன்றத்தில் வாசிக்கவிருந்த ஆண்டறிக்கையின் சாரம் ஊடகங்களுக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தது. குறித்த நேரத்துக்கு முன் வெளியிடலாகாது என்பது நிபந்தனை. இவ்வழக்கம் உலகெங்கும் உண்டு. அவ்வறிக்கையின் ஒன்றிரண்டு குறிப்புகளை வேறொரு செய்தி நிறுவனத்திலிருந்த தோழிக்கு, குறித்த நேரத்துக்கு ஏழு நிமிடம் முன்னதாக அனுப்பியதே தம் குற்றம் எனச் செங் லேய் விடுதலையான பின் கூறியிருக்கின்றார். ஏழு நிமிடத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறை! நேரக் கட்டுப்பாடு வர்த்தகச் செய்தியில் ஏன் புனிதமாகக் காக்கப்படுகின்றது என்பதும், சட்டம் எல்லார்க்கும் வெளிச்சமாக இல்லாத இடத்தில் ஒரு செய்தியாளரின் நிலை எத்துணை மெலிந்தது என்பதும் இவ்வொரு வரலாற்றில் அடங்கியுள்ளன.

இன்னொரு துன்பம் வீட்டுக்குள்ளேயே இருப்பது. 2023 ஏப்ரலில், ஸி.என்.பி.ஸி.யையும் உள்ளடக்கிய என்.பி.ஸி. யுனிவர்சல் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி, பெண் அறிவிப்பாளர் ஒருவரின் முறைப்பாட்டைத் தொடர்ந்து நடந்த விசாரணையின் பின் பதவி நீங்கினார். உலகின் பெருங் கம்பனிகளின் தலைவர்களிடம் அச்சமின்றிக் கேள்வி கேட்கும் பெண்ணும், தம் சொந்த நிறுவனத்தின் உச்சியில் இருப்பவரைப் பற்றி முறையிட எத்துணைத் துணிவு வேண்டும் என்பதைப் பெற்றார் உணர வேண்டும். ஆகவே, மகளை இத்துறைக்கு அனுப்புவோர் அவளை எச்சரிப்பதோடு நில்லாமல், தீங்கு நேர்ந்தால் எங்கள் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்ற உறுதியையும் கொடுத்தல் வேண்டும். அந்த உறுதி இல்லாதவளே மௌனம் சாதிக்க நேரிடும்.

மாணவியருக்குச் சில வார்த்தைகள்

இத்தொழிலை விரும்பும் மாணவியர், முதலில் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகுவதை விடுத்து எண்களோடு பழகுக. ஓர் உதாரணம் காட்டுவோம். வட்டி வீதம் நூற்றுக்கு 8 இலிருந்து 9 ஆக உயர்ந்தால், அது ஒரு சதவீதம் உயர்ந்தது என்று பலர் கூறுவர். அது ஒரு சதவீதப் புள்ளி உயர்வு. பழைய வட்டியோடு ஒப்பிட்டால் 12.5 சதவீத உயர்வு. கடன் வாங்கி வீடு கட்டுபவனுக்கு இவ்விரண்டின் வேறுபாடு மாதாந்தம் தெரியும். அவ்வாறே, ஒரு கம்பனியின் இலாபம் குறைந்தும் அதன் பங்கு விலை ஏறுவதுண்டு. இன்னும் அதிகமாகக் குறையும் என்று சந்தை முன்னரே அஞ்சியிருந்ததே காரணம். இவற்றை விளங்கிக்கொண்டவளின் குரலில் தயக்கம் இராது. தயக்கமற்ற குரலே கேட்பதற்கு இனிய குரல்.

நம் நாட்டு மக்களுக்கு இந்த விளக்கத்தின் அருமை 2022 இல் புரிந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. மறு ஆண்டு செப்டெம்பரில் அது 1.3 சதவீதமாக இறங்கிவிட்டது என்று செய்தி வந்தபோது, "அப்படியானால் கடையில் விலை ஏன் குறையவில்லை?" என்று கேட்காத வீடு இல்லை. பணவீக்கம் குறைதல் என்பது விலை குறைதலன்று. விலை ஏறும் வேகம் குறைதலே. முன்னர் ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நிற்கும். இந்த இரண்டு வாக்கியங்களை வேளையோடு, தெளிந்த தமிழில், அடுக்களையிலிருப்பவர்க்கும் கேட்கும்படி சொல்லும் ஒருவர், ஒரு குடும்பத்தின் மனக் குழப்பத்தைத் தீர்த்தவராவார். இத்தொழிலின் பெருமை அத்தகைய வாக்கியங்களிலேயே உள்ளது.

எனவே, உயர்தர வகுப்பில் வர்த்தகப் பிரிவிலோ கணிதத்திலோ பயிலும் பெண் பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு வர்த்தகச் செய்தியை எடுத்து, அதைத் தம் பாட்டியாருக்கு விளங்கும்படி இரண்டு நிமிடத்தில் கூறிப் பழகட்டும். பாட்டியார் குறுக்குக் கேள்வி கேட்டால் அதற்கும் விடை தேடட்டும். ஒரு கம்பனியின் ஆண்டறிக்கையைக் கையிலெடுத்து, வருமானம் எது, இலாபம் எது, கடன் எங்கே ஒளிந்திருக்கின்றது எனத் துருவிப் பார்க்கட்டும். தமிழ், ஆங்கிலம், சிங்களம் ஆகிய மூன்றிலும் பிழையின்றிப் பேசக் கற்கட்டும். திரைக்கு முன் வருவதற்குச் சில ஆண்டுகள் திரைக்குப் பின்னால் உழைக்க நேரிடின், அதனைத் தாழ்வாகக் கருதற்க. நாம் மேலே கூறியோருட் பலர் அவ்வாறு பத்திரிகையிலும் தயாரிப்புக் கூடத்திலும் உழைத்தே வந்தவர்கள்.

பெற்றாருக்கும் ஒன்று கூறுவோம். அறிவிப்பாளரின் சேலையையும் ஒப்பனையையும் பற்றி வீட்டில் பேசுவதுண்டு. அவர் என்ன கேட்டார், விருந்தினர் எதை மறைத்தார் என்பதையும் சற்றுப் பேசுங்கள். அதைச் செவிமடுக்கும் மகள், தொலைக்காட்சியிலிருக்கும் பெண்ணை எதற்காக மதிக்க வேண்டுமென்று அறிந்துகொள்வாள். நாளை தன்னையும் அதற்காகவே மதிப்பாள்.

சில்வியா போர்ட்டர் தம் பெயரை மறைத்து எழுதத் தொடங்கி ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஆகின்றன. இன்று பெண்ணின் பெயரும் முகமும் குரலும் வெளிப்படையாகவே பணத்தைப் பற்றிப் பேசுகின்றன. அவ்வம்மையாரின் வாசகர்கள் அவரை நம்பியது முகத்தைக் கண்டு அன்று. சொன்ன கணக்குச் சரியாயிருந்ததனாலேயே. முகம் தெரியும் இக்காலத்திலும் அந்த அளவுகோல் மாறவில்லை. அம்மா எண்ணி வைத்த காசை வீட்டில் எவரும் மறுமுறை எண்ணிப் பார்ப்பதில்லை. நாட்டின் கணக்கைச் சொல்லும் பெண்ணையும் மக்கள் அவ்வாறு நம்பும் நிலை வருமாயின், அவர் நாவில் நயம் சற்றுக் குறைந்திருந்தாலும் குறையொன்றுமில்லை.